தம்பி எழுதிய சட்டம்

பெட்லர் ஓடை
மார்ச் 6, 1983

அன்புள்ள எமிலுக்கு,

நானும் மாடுகளும் சுகம். இதுவரை பதினொரு கன்று, எல்லாம் எழுந்து நின்று பால் குடிக்கின்றன. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ரூத் இன்னும் உனக்கு உப்பைக் குறைத்துத்தான் போடுகிறாளா? அவளிடம் நான் சபாஷ் சொன்னதாகச் சொல்.

இது தொலைபேசியில் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் நாலு வீட்டுக்கும் ஒரே கம்பி. நான் எடுத்தால் மற்ற மூன்று வீட்டிலும் எடுத்துக் கேட்பார்கள். அந்த மூன்றில் ஒன்று இப்போது மிஸ்டர் கேலவேயின் வீடு, விஷயமே அவரைப் பற்றியது. ஹால்வர்சன் கிழவர் போன பிறகு அவர் பண்ணையை வாங்கினாரே, சியாட்டில் பல் டாக்டர், அவர்தான்.

அவருடைய வக்கீலிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நம் வீட்டுக்குத் தண்ணீர் வருகிற சுனை அவர் நிலத்தில் இருக்கிறதாம். அதில் எனக்கு உரிமை இருப்பதாக எங்கும் பதிவாகவில்லையாம். மே முதல் தேதிக்குள் அப்பா பதித்த குழாயை நானே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் வெட்டிவிடுவார். தபால் ஆபீசில் ஆளைப் பார்த்தேன். பார்க்க நல்ல மனிதர்தான்.

"நான் கெட்டவன் இல்லம்மா. எனக்கு ஒரு மீன் குளம் வேணும், அவ்வளவுதான். ரிடையர் ஆனதும் வாசல்ல உக்காந்து தூண்டில் போடணும்னு ரொம்ப நாள் ஆசை" என்றார்.

"மீன் வேணும்னா ஆத்துல பிடிங்க டாக்டர். யாரு வேண்டாங்குறா?" என்றேன்.

"சட்டம் என் பக்கம் இருக்கும்மா. உங்க தம்பி எழுதினதாமே அது? எங்க வக்கீல் படிச்சுட்டு, தெளிவா எழுதியிருக்காருன்னு பாராட்டினாரு."

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. அப்பா இரண்டு கிணறு வெட்டிப் பார்த்ததும் இரண்டிலும் உவர் நீர் வந்ததும் உனக்கு நினைவிருக்கும். சுனை போனால் மாடு போகும், மாடு போனால் வீடு போகும். அறுபது வயதில் நான் பில்லிங்ஸில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சன்னல் வழியாகக் கார்களை எண்ண வேண்டியதுதான். என்ன செய்யலாம் என்று உடனே எழுது. ரூத்துக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
வேரா


எமில் ராடிச், வழக்கறிஞர்
முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்
மைல்ஸ் சிட்டி
மார்ச் 11, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

பதினொரு கன்று என்று படித்ததும் ரூத்திடம் வாசித்துக் காட்டினேன். முதுகு பரவாயில்லை. உப்பைப் பற்றிப் பேசாதே.

நீ நிம்மதியாகத் தூங்கு. அந்தப் பல் டாக்டருக்கு நல்ல வக்கீல் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியும் என் பேனாவில் பிறந்தது. நான்கு வருடம் சட்டமன்றத்தில் உட்கார்ந்து நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று என் எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். அடுத்தவர் நிலத்துச் சுனையில் தண்ணீர் எடுப்பவர்கள் ஐந்து ஆண்டுக்குள் பதிவு அலுவலகத்தில் எழுதிவைக்க வேண்டும், தவறினால் சுனை நிலத்துக்காரருக்கே சொந்தம். பெரிய கம்பெனிகள் ஏழைகளின் சுனையை உறிஞ்சாமல் இருக்கக் கொண்டுவந்தது. வீட்டுக்கும் வீட்டு மாடுகளுக்கும் எடுக்கிற தண்ணீருக்கு அது பொருந்தாது என்று கடைசியில் தனியாக ஒரு வரி போட்டிருக்கிறேன். அந்த வக்கீல் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை போலிருக்கிறது.

நானே உன் வழக்கை நடத்துகிறேன். தேர்தலில் தோற்று ரூத்தின் ஊருக்கு வந்த இந்தப் பத்து வருடமாக உயிலும் வேலித் தகராறும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுமாகவே போய்விட்டது. என் சட்டத்தை வைத்து நானே வாதாட ஒரு வாய்ப்பு கிடைத்ததில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட. இந்த வாரமே பதில் நோட்டீஸ் போகும். குளிரில் கொட்டகைக்கும் வீட்டுக்கும் அலையாதே.

அன்புடன்,
எமில்


எமில் ராடிச், வழக்கறிஞர்
முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்
மைல்ஸ் சிட்டி
மார்ச் 24, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம் எழுதுகிறேனே என்று பயப்படாதே. ரூத்துக்குக் கொஞ்சம் பல்வலி, மற்றபடி நாங்கள் இருவரும் நலம்.

அச்சான சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன அந்த வரி அதில் இல்லை. எப்படியோ விடுபட்டிருக்கிறது. கூட்டத்தொடரின் கடைசி வாரங்களில் மசோதாக்கள் குவிந்து கிடக்கும், எழுத்தர்கள் படியெடுக்கும்போது இப்படி நடப்பதுண்டு. இதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சட்டமன்றம் என்ன நினைத்து அதை நிறைவேற்றியது என்று நீதிபதிக்குக் காட்டினால் போதும்.

இரண்டு விஷயம் உடனே எழுது. ஒன்று, ஒருவேளை நீ பதிவு செய்திருக்கிறாயா? இரண்டு, அப்பாவுக்கும் ஹால்வர்சனுக்கும் நடுவில் எழுத்தில் ஏதாவது இருந்ததா? ஒரு துண்டுச் சீட்டு இருந்தாலும் போதும்.

அன்புடன்,
எமில்


பெட்லர் ஓடை
மார்ச் 30, 1983

அன்புள்ள எமிலுக்கு,

கன்று பத்தொன்பதாகிவிட்டது. ஒன்று தலைகீழாக வந்து படாத பாடு படுத்தியது. என் முழங்கை இன்னும் வலிக்கிறது, மற்றபடி சுகம்.

எழுத்தில் எதுவும் கிடையாது. அப்பாவும் ஹால்வர்சனும் 1926-ல் சுனைக்கரையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் பிளம் சாராயத்தைக் காலி பண்ணிவிட்டுக் கை குலுக்கினார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்கு நம் குரோவேஷிய மொழி தெரியாது. எழுதியிருந்தாலும் யார் படித்திருப்பார்கள்?

நான் பதிவு செய்யவில்லை. சட்டம் வந்த வருடம் ஈஸ்டருக்கு நீ வந்தபோது இதே சமையலறையில் கேட்டேன். "எமில், நானும் போய் எழுதிவைக்கணுமாடா?" என்றேன். நீ பன்றித்தொடையை வெட்டிக்கொண்டே, "உனக்குத் தேவையில்லக்கா" என்றாய். எழுதியவனே சொல்லிவிட்டான், பிறகு யாரிடம் கேட்பது? மசோதாவில் கையெழுத்துப் போட்ட பேனாவை ஆளுநர் உனக்குக் கொடுத்தார், நீ அதை எனக்குக் கொடுத்தாய். இந்தக் கடிதத்தையும் அதில்தான் எழுதுகிறேன். மளிகைச் சாமான் பட்டியலுக்கும் அதுதான். நன்றாக எழுதுகிறது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு முழு வரி தானாக எப்படி விழும்?

ரூத்தின் பல்வலி தேவலையா? என்னிடம் பக்கத்திலேயே ஒரு பல் டாக்டர் இருக்கிறார், வேண்டுமானால் சொல்.

உன் அக்கா,
வேரா


எமில் ராடிச், வழக்கறிஞர்
முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்
மைல்ஸ் சிட்டி
ஏப்ரல் 15, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

ரூத்துக்குப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. நீ எழுதியதைப் படித்துச் சிரித்ததில் தையல் பிரியப் பார்த்ததாம்.

நேற்று பில்லிங்ஸில் தண்ணீர் வழக்குகள் பார்க்கும் நீதிபதி பெக் முன்னால் நம் வழக்கு வந்தது. நீ கன்றுகளை விட்டுவிட்டு வராததே நல்லது, வந்திருந்தால் உன் தம்பிக்கு நடந்த மரியாதையைப் பார்த்திருப்பாய்.

"மாண்புமிகு நீதிபதி அவர்களே, இந்தச் சட்டத்தோட நோக்கம் எனக்கு நல்லா தெரியும். இதை எழுதினதே நான்தான்" என்று எழுந்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மிஸ்டர் ராடிச், நீங்க இன்னிக்கு வக்கீலா வந்திருக்கீங்களா, சாட்சியா வந்திருக்கீங்களா?"

"வக்கீலாத்தான்."

"அப்ப சாட்சி சொல்ல முடியாது. சாட்சியாவே வந்தாலும் பிரயோஜனம் இல்ல. பதினாலு வருஷம் முன்னாடி சட்டமன்றம் என்ன நினைச்சுதுன்னுதான் நான் பாக்கணும். இன்னிக்கு நீங்க என்ன நினைச்சுக்கிறீங்கங்கிறது எனக்கு வேண்டாம். அன்னிக்கே எழுதி வச்ச குறிப்பு இருந்தா கொண்டாங்க."

சட்டம் அப்படித்தான், அக்கா. அவர் சொன்னது சரி. அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான், வாயைத் திறக்கக் கூடாத ஒரே ஆளும் நான். எதிர் வக்கீல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஒரு நல்ல செய்தி. ஜூன் 10 வரை குழாயைத் தொடக் கூடாது என்று தடை வாங்கிவிட்டேன். அதற்குள் ஏதாவது தேட வேண்டும். மசோதாவின் பக்கங்களை எல்லாம் பார்த்தாயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. வேறு வழி யோசிக்கிறேன். முழங்கைக்குச் சூடு ஒத்தடம் கொடு.

அன்புடன்,
எமில்


மைல்ஸ் சிட்டி
மே 9, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ரூத் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பொறுக்க முடியாமல் நேற்று தொலைபேசி செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஆண் குரல்.

"உங்க அக்கா வீட்ல இல்ல சார். செவ்வாய்க்கிழமை தொப்பி போட்டுக்கிட்டு ஹெலெனா பஸ்ஸுல ஏறினாங்க. மாடுகளை நான்தான் பாத்துக்கறேன்."

"நீங்க யாரு?"

"கேலவே."

எதிராளியிடம் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்த முதல் வக்கீல் நானாகத்தான் இருப்பேன். உனக்குத் தலைநகரத்தில் என்ன வேலை, அக்கா? ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே? தயவுசெய்து எழுது.

எமில்


பெட்லர் ஓடை
மே 14, 1983

எமிலுக்கு,

நான் சுகம். உருளைக்கிழங்கு நட்டாயிற்று. மிஸ்டர் கேலவே ஒரு மாட்டின் மடியைத் தப்பாகப் பிடித்து உதை வாங்கியிருக்கிறார், காயமில்லை.

ஹெலெனாவில் இரண்டு நாள் இருந்தேன். சட்டமன்ற நூலகத்தில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக 1969-ம் வருடக் குழுக் கூட்டக் குறிப்புகளை எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து படித்தேன். மார்ச் மூன்றாம் தேதிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

மழை போதவில்லை. புல் இந்த வருடம் சுமார்தான்.

வேரா


மைல்ஸ் சிட்டி
மே 18, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் மூன்றாம் தேதி என்று நீ எழுதிய பிறகு நான் மறைக்க எதுவும் இல்லை. என் பெயர் அச்சடித்த தாளில் இதை எழுதக் கை வரவில்லை. அதனால்தான் ரூத்தின் தாளில் எழுதுகிறேன்.

எந்த எழுத்தரும் எதையும் விடவில்லை. அந்த வரியை எடுத்தவன் நான். எனக்கு முப்பத்தெட்டு வயது, முதல் கூட்டத்தொடர், முதல் மசோதா. குழுத் தலைவர் ஸ்ட்ரூம் என்னை நடைபாதையில் நிறுத்தினார்.

"தம்பி, கடைசி வரிய எடுத்துரு. என் ஆளுங்க ஆறு ஓட்டும் உனக்குத்தான்."

"அது பாவப்பட்டவங்க வீட்டுத் தண்ணிங்க" என்றேன்.

"வீட்டுத் தண்ணின்னு சொல்லி நூறு ஏக்கர் பாய்ச்சுறவனும் எங்க ஊர்ல இருக்கான். வரி இருந்தா மசோதா இந்தக் குழுவைத் தாண்டாது. யோசிச்சுக்க."

நான் யோசிக்கவே இல்லை, அக்கா. "எடுத்துடறேன்" என்றேன். வீட்டுத் தண்ணீரில் யார் கை வைக்கப்போகிறார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் பெயரில் ஒரு சட்டம் வர வேண்டும் என்கிற ஆசை. வந்தது.

அதைவிடப் பெரிய தப்பு அந்த ஈஸ்டர். போய்ப் பதிவு செய் என்று சொல்லியிருந்தால், "ஏன், நீதான் விலக்கு போட்டிருந்தாயே?" என்று கேட்டிருப்பாய். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஒரு நிமிட வெட்கத்துக்குப் பயந்து உனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். பதினாலு வருடமாக அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மார்ச்சில் உன் கடிதம் வந்தபோதுகூட அந்த வரி இருப்பதாகவே எழுதினேன் பார், அவ்வளவு பழகியிருக்கிறது. அடுத்த வாரம் புத்தகத்தைத் திறந்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போதும் ஒரு எழுத்தர் தலையில் பழியைப் போட்டேன்.

உன் வழக்கிலிருந்து நான் விலக வேண்டும் என்றால் சொல். பில்லிங்ஸில் எனக்குத் தெரிந்த நேர்மையான வக்கீல் ஒருவர் இருக்கிறார். எப்படியும் அந்தக் குறிப்பு எதிர் வக்கீல் கைக்குப் போகும். போனால் நாம் தோற்போம். உன் வீட்டை நான்தான் தொலைத்தேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எமில்


பெட்லர் ஓடை
மே 25, 1983

அன்புள்ள எமிலுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு நாள் அடுப்பங்கரை மேசையிலேயே கிடந்தது. பிரிக்காமல் மாடுகளுக்குப் புல் போட்டேன், வேலியைச் சரிபார்த்தேன். மூன்றாம் நாள் பிரித்தேன்.

எனக்குக் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து ஸீட் அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள். வரியை விட்டுக்கொடுத்ததற்கு அவ்வளவு கோபம் இல்லை. மசோதா தாண்டினால் போதும் என்று நினைத்திருப்பாய், அந்த வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். முகம் தெரியாத ஒரு எழுத்தர் மேல் பழி போட்டாயே, அது அப்பா வளர்த்த வளர்ப்பு இல்லை. இப்போது நீயே எழுதிவிட்டாய். எனக்கு அது போதும். வழக்கிலிருந்து நீ விலகக் கூடாது. கெடுத்தவனே சரிபண்ணட்டும்.

மனசு சரியில்லாவிட்டால் நான் வால்நட் ரொட்டி சுடுவேன், உனக்குத் தெரியும். மாவைப் பிசைந்துவிட்டு, அளவு பார்க்கத் தகர டப்பாவிலிருந்து செய்முறைத் தாளை எடுத்தேன். நல்ல கெட்டித் தாள். பல வருடமாக ஒரே பக்கத்தைத்தான் பார்க்கிறேன். அன்று கையில் வெண்ணெய் வழுக்கிக் கீழே விழுந்து மறுபக்கம் திரும்பிக் கிடந்தது. மேலே சட்டமன்றத்தின் முத்திரை.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் முதல் மசோதா அவைக்கு வருகிறது என்று பன்னிரண்டு ரொட்டி சுட்டுக்கொண்டு ஹெலெனா வந்தேன். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். புது உறுப்பினரின் முதல் மசோதாவைக் கேலி செய்து ஆட்டிவைப்பது அங்கே வழக்கம் என்று எனக்கு யார் சொன்னது? ஆளாளுக்கு எழுந்து கோமாளித்தனமாகக் கேள்வி கேட்டார்கள். ஓட்டெடுப்பில் பலகை முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. நீ வெள்ளை வெளேர் என்று நின்றாய். பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கு அந்தத் தாள் தபாலில் வந்தது. அதுவும் கேலியின் மிச்சம் என்று நினைத்தேன். ரொட்டி எப்படிச் செய்வது என்று ஸ்ட்ரூமின் மனைவி கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதி அனுப்பிய கையோடு எனக்கும் ஒரு படி அதன் முதுகில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மூலத்தை இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதில் இருப்பதை இங்கேயும் எழுதுகிறேன், வழியில் தொலைந்தாலும் உனக்குத் தெரியட்டும்.

மார்ச் 19, 1969. உறுப்பினர் ஓட்டிஸ் பிராம்பில்: "உறுப்பினர் ராடிச் ஒரு கேள்விக்கு இடம் கொடுப்பாரா?" ராடிச்: "கொடுக்கிறேன்." பிராம்பில்: "எனக்கு வாரத்துக்கு ஒரு குளியல்தான். அந்தத் தண்ணி பக்கத்துப் பண்ணைச் சுனையிலேர்ந்து வருது. இந்தச் சட்டம் வந்தா நான் துண்டைக் கட்டிக்கிட்டுப் பதிவு ஆபீசுக்கு ஓடணுமா?" ராடிச்: "வேண்டாங்க. வீட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணி எடுக்குறவங்க யாரும் எங்கயும் ஓட வேண்டாம். இந்தச் சட்டம் அவங்களுக்கு இல்ல." பிராம்பில்: "இந்தப் பதிலை அவைக் குறிப்பேட்டில் ஏற்றி, நமக்கு ரொட்டி கொண்டுவந்த உறுப்பினரின் சகோதரிக்கு முத்திரையிட்ட படி ஒன்றை நன்றியுடன் அனுப்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன்." உறுப்பினர் ஸ்ட்ரூம்: "வழிமொழிகிறேன்." ஒருமனதாக ஏற்கப்பட்டது.

ஸ்ட்ரூம் வழிமொழிந்தபோது அவர் வாய் நிறைய ரொட்டி. நான் மாடத்திலிருந்து பார்த்தேன்.

இது ஏதாவது பிரயோஜனப்படுமா? நான் வக்கீல் இல்லை. ஆனால் படித்ததும் மாவுக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஜூன் 10-க்கு நான் வரவில்லை. நான் உட்கார்ந்திருந்தால் நீ நீதிபதியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

உன் அக்கா,
வேரா


மைல்ஸ் சிட்டி
ஜூன் 11, 1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். தந்தி கொடுத்தேன், இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். இருந்தாலும் என் கையால் ஒருமுறை எழுத வேண்டும். ஜெயித்துவிட்டோம், அக்கா. சுனை உன்னுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். எதிர் வக்கீல் எழுந்ததுமே குழுக் குறிப்பை எடுத்து நீட்டினார். "வரி இருந்துச்சு, குழுவுல எடுத்துட்டாங்க. அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "யாரு எடுத்தது?"

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க எடுத்தேன். குழுத் தலைவர் ஸ்ட்ரூம் சொல்லி, ஆறு ஓட்டுக்காக எடுத்தேன்" என்றேன். பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். அதைச் சொன்னதும் எனக்குள் எதுவோ இறங்கியது, அடுத்த வாக்கியம் தடங்கலில்லாமல் வந்தது. "ஆனா அதுக்குப் பதினாறு நாள் கழிச்சு, ஓட்டெடுப்புக்கு முன்னாடி, அவை முழுக்கக் கேக்க நான் சொன்ன பதில் இது" என்று உன் தாளைக் கொடுத்தேன்.

அவர் வாய்விட்டுப் படித்தார். துண்டு வரும் இடத்தில் கூடமே சிரித்தது. எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார்.

"இது விளையாட்டுங்க! புது உறுப்பினரைச் சிவப்பு விளக்கெல்லாம் போட்டுக் கலாய்ச்சிருக்காங்க. இதையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது!"

"கேள்வி விளையாட்டு, சரி. பதிலும் விளையாட்டா?" என்றார் நீதிபதி. "சிவப்பு விளக்கு விளையாட்டு. அப்புறம் போட்ட பச்சை விளையாட்டு இல்லையே? அந்தப் பச்சைய வச்சுத்தானே உங்க கட்சிக்காரர் சுனை கேக்குறாரு? வீட்டுத் தண்ணிக்குப் பொருந்தாதுன்னு காதால கேட்டுட்டுத்தான் எல்லாரும் பச்சை போட்டிருக்காங்க. வரிய எடுக்கச் சொன்ன ஸ்ட்ரூமே வழிமொழிஞ்சிருக்காரு. இதைவிட எனக்கு என்ன வேணும்?"

இத்தனை நாள் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று பிறகு நீதிமன்ற நூலகத்தில் அவைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அது என் மசோதாவின் கீழ் இல்லை. பிறந்தநாள் வாழ்த்தும் இரங்கல் தீர்மானமும் இருக்கும் பகுதியில், 'நன்றி' என்ற தலைப்பில் இருக்கிறது. சட்டம் தேடுகிற எந்த வக்கீல் அங்கே போவான்? எனக்கும் அந்த நாளில் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை. வரியையும் விற்று மசோதாவும் தோற்றது என்று நினைத்த அந்த ஒரு நிமிடம் மட்டும்தான் மனதில் தங்கியிருக்கிறது. ஓட்டிஸ் கேட்டதும் நான் சொன்னதும் எல்லாம் போய்விட்டது. பயத்தில் வாய் தன்னால் உண்மையைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

தீர்ப்பு முடிந்ததும் நீதிபதி தாளைத் திருப்பிப் பார்த்தார். "மிஸ்டர் ராடிச், பின்பக்கம் வால்நட் எவ்வளவுன்னு வெண்ணெய்க் கறையில மறைஞ்சிருக்கு."

"ரெண்டு ராத்தல்ங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். ரூத் பக்கத்தில் இருந்தாள், கைக்குட்டை கொடுத்தாள். நேற்றிரவு சாப்பாட்டில் உப்பு இருந்தது.

உன் தம்பி,
எமில்


பெட்லர் ஓடை
ஜூன் 20, 1983

அன்புள்ள எமிலுக்கு,

தந்தியை இங்கே எனக்குத் தொலைபேசியில்தான் வாசித்துக் காட்டினார்கள். அதனால் என்னோடு மூன்று வீடும் கேட்டது. "ஜெயித்தோம்" என்ற வார்த்தை வந்ததும் ஒரு வீட்டில் யாரோ கை தட்டினார்கள். இன்னொரு வீட்டில் பெருமூச்சு கேட்டது. அது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். பல்லெல்லாம் கூசியது. இரண்டாவது டம்ளரும் குடித்தேன். மார்ச்சிலிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அன்றுதான் எழுந்து போனது.

மறுநாள் மிஸ்டர் கேலவே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"உங்க தம்பி நல்லா பேசினாருன்னு எங்க வக்கீல் சொன்னாரும்மா. என் மீன் குளம்தான் போச்சு."

"உள்ள வாங்க டாக்டர். நான் ஹெலெனா போனப்ப என் மாட்டுக்கிட்ட உதை வாங்கினவராச்சே" என்றேன். ரொட்டி வைத்தேன். நாலு துண்டு சாப்பிட்டார். என் தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் இத்தனை வருடமாகப் பள்ளத்தில் வீணாகத்தான் போகிறது. அதை அவர் பக்கம் திருப்பிவிட்டால் குளம் நிறையும். அப்படியே பேசி முடித்தோம். முதல் மீன் எனக்கு என்று சொல்லியிருக்கிறார். கை குலுக்கினோம், ஆனால் அதற்கு முன் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டோம்.

இனி நீ என்னைத் தொலைபேசியில் கூப்பிடலாம். யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். உன் பெயர் போட்ட தாளிலேயே எழுது, அதை அச்சடித்துவிட்டு அலமாரியில் வைத்திருக்கிறாய், வீணாகாதா? முன்னாள் உறுப்பினர் என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த ஒரு நாள் நீ சரியான பதில் சொல்லியிருக்கிறாய்.

நேற்று பதிவு அலுவலகத்துக்குப் போனேன். சுனையைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். மேசையில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தேவையே இல்லம்மா. நீதிபதி தீர்ப்பே சொல்லிட்டாரே, பேப்பர்ல படிச்சேன்."

"இதை நான் முன்னாடியே ஒருத்தன்கிட்ட கேட்டிருக்கேன் கண்ணு. நீ படிவத்தைக் குடு" என்றேன்.

ஆளுநர் பேனாவால்தான் நிரப்பினேன். பெயர், ஊர், எத்தனை மாடு, எந்த வருடக் குழாய் எல்லாம் எழுதிவிட்டேன். கடைசிக் கட்டத்தில், இத்தனை ஆண்டு ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டிருந்தது. அதிலும் உண்மையையே எழுதினேன்: தேவையில்லை என்று என் தம்பி சொன்னான்.

ரூத்துக்கு முத்தங்கள், உனக்கும்தான்.

உன் அக்கா,
வேரா